சுவர்ப் பக்கம் திரும்பிய கேமரா

பெருமுக்கல்,
செவ்வாய்க்கிழமை, பிள்ளை பள்ளிக்கூடம் போன பிறகு.

விழுப்புரத்தில் பந்தலும் மைக்செட்டும் வைத்து நாலு பேர் வீட்டு நல்லது கெட்டதை நடத்திக்கொடுக்கும் மரியாதைக்குரிய மச்சான் கிருஷ்ணசாமி அவர்களின் சமூகத்துக்கு, உங்கள் தங்கை இளவரசியைக் கட்டிய பாண்டுரங்கன் கும்பிட்டு எழுதிக்கொள்வது. இங்கே நான், மகள் கலைப்பிரியா, இரண்டு ஆடு, நாலு கோழி, ஒரு கேமரா எல்லோரும் சுகம். அங்கே நீங்களும் கெங்கம்மாள் அக்காவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்று ஒரு வழக்கத்துக்கு எழுதினேனே தவிர, இப்போதெல்லாம் நான் எதையும் முழுசாக நம்புவதில்லை. உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கோபித்துக்கொள்ளாமல் கடைசி வரைக்கும் படியுங்கள்.

கையில் போனை வைத்துக்கொண்டு இவன் ஏன் தபாலில் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். அந்தப் போன் என் கையில் இருக்கிறதே ஒழிய என்னுடையது இல்லை. என் வாட்சப் குவைத்தில் உங்கள் தங்கையின் போனிலும் ஓடுகிறது. நான் ஒருவருக்குக் காலை வணக்கம் போட்டால் அவர் பதிலுக்கு வணக்கம் சொல்வதற்குள் இவள், "யாரு அந்த ஆளு, புரோக்கரா?" என்று கேட்டுவிடுகிறாள். சரி, வாயால் பேசலாம் என்றால் உங்களுக்கு வரும் போனை எடுப்பது அக்கா. அக்கா காதில் விழுந்தது உங்கள் சொந்தக்கார வாட்சப் குழுவில் விழும். அதனால்தான் திண்டிவனம் போய்ப் பேப்பரும் கவரும் வாங்கி வந்தேன். பேனா பிடித்து ரொம்ப நாளாகிவிட்டதால் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். எனக்குச் சின்ன வயசிலிருந்தே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினால்தான் எழுத்து வரும். வீட்டில் யாரும் இல்லை, அதனால் தைரியமாகச் சொல்லிச் சொல்லி எழுதுகிறேன்.

உங்களுக்கே தெரியும், இளவரசி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகும்போது பிரியா இரண்டாவது படித்தாள். இப்போது ஏழாவது. இடையில் உங்கள் தங்கை ஒரே ஒரு முறை வந்து போனாள். ஆனால் ஒரு நாளும் இந்த வீட்டை விட்டுப் போகவில்லை. அரிசி டிரம்மின் மேல் போனைச் சாய்த்து வைத்தால் போதும், அவள் வந்து உட்கார்ந்துவிட்டாள் என்று அர்த்தம். பல் விழுந்தால் போனில் காட்ட வேண்டும். சைக்கிள் கற்றுக்கொண்டபோது நான் ஒரு கையில் சைக்கிளையும் ஒரு கையில் போனையும் பிடித்துக்கொண்டு ஓடி, பிள்ளை விழாமல் நான் விழுந்தேன். அங்கே அந்த வீட்டுக் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே இங்கே நம் பிள்ளைக்கு வாய்ப்பாடு கேட்பாள். ஒரு நாள், "ஊம், நல்லா வாயத் தொற" என்று அதட்டினாள். நானும் திறந்துவிட்டேன். அது அந்தக் குழந்தைக்குச் சொன்னதாம். அதற்கும் தமிழ் வந்துவிட்டது மச்சான். நம் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய அதட்டலெல்லாம் அது வாங்கித் தின்கிறது.

போதாதென்று போன வருஷம் ஊருக்கு வந்த யாரோ ஒரு ஆளிடம் ஒரு கேமராவைக் கொடுத்தனுப்பினாள். அதைக் கூடத்து மூலையில் மாட்டியாகிவிட்டது. ஆந்தை மாதிரி அது கழுத்தைத் திருப்பும். திருப்புவது குவைத்தில் இருக்கும் உங்கள் தங்கையின் விரல். அதற்குக் கண் மட்டுமில்லை, வாயும் உண்டு. மத்தியானம் அசதியாகப் படுத்திருப்பேன், மேலிருந்து "லுங்கிய எறக்கி உடுங்க, முனிம்மா வந்துக்கினு இருக்குது" என்று ஒரு குரல் வரும். பக்கத்து வீட்டு முனியம்மாள் வாசலில் நிற்பாள். முதல் தடவை ஆடு அறுத்துக்கொண்டு ஓடியது. ஆட்டுக்குப் பழகிவிட்டது. எனக்கு இன்னும் பழகவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு நாள் வயலிலிருந்து வந்து பார்க்கிறேன், கேமரா சுவரைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது. கெட்டுவிட்டதோ என்று அதன் கீழே போய் நின்றேன். லுங்கியை மடித்துக் கட்டினேன். சத்தம் இல்லை. அவள் கூடாதென்று சொன்ன பீடியைப் பற்றவைத்தேன். சத்தம் இல்லை. பீடி முழுசும் முடிந்தது, அப்போதும் சத்தம் இல்லை. பெண்டாட்டி திட்டினால் அது சம்சாரம். திட்டாமல் விட்டால் அதில் ஏதோ இருக்கிறது. பிரியாவைக் கேட்டேன். "அம்மாதான்ப்பா திருப்புச்சி, அது அப்பிடியே இருக்கட்டும்னு சொல்லுச்சி" என்றாள். இத்தனை நாள் என்னை இமைக்காமல் பார்த்தவளுக்கு இப்போது சுவரில் என்ன வேடிக்கை?

அன்றைக்கே இன்னொன்றும் நடந்தது. குளியலறைக் கதவு சாத்தியிருக்கிறது. வெளியே முக்காலியின் மேல் போன். போனிலிருந்து உங்கள் தங்கை, "தலைக்கு ஊத்து கண்ணு. இன்னொரு சொம்பு. மஞ்சள நல்லாத் தேச்சிக்க" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஏழாவது படிக்கிற பிள்ளைக்குக் குளிக்கத் தெரியாதா மச்சான்? அதைக் குவைத்திலிருந்து சொல்லிக்கொடுக்க வேண்டுமா? போனை எடுத்துப் பார்த்தேன். அவள் முகமெல்லாம் கண்ணீர். "இன்னாடி?" என்றேன். "வெங்காயம் உரிக்கிறேன், போன வையிங்க" என்றாள். அவளுக்குப் பின்னால் இருந்தது துணி துவைக்கும் மெஷின். யாராவது வெங்காயத்தை மெஷினில் போட்டுத் துவைப்பார்களா? எனக்குப் படிப்பு குறைவுதான், கண்ணு குறைவில்லை.

அதற்குப் பிறகு ஒன்றன்மேல் ஒன்றாக வருகிறது. முட்டை வாசனை வந்தாலே மூக்கைப் பிடித்துக்கொண்டு தெருவுக்கு ஓடுகிற பிள்ளை, விடியற்காலையில் பச்சை முட்டையை உடைத்து வாயில் ஊற்றிக்கொண்டு, அதன்மேல் நல்லெண்ணெயும் குடிக்கிறது. கண்ணில் தண்ணீர் வருகிறது, ஆனாலும் குடிக்கிறது. எதிரே அரிசி டிரம்மில் அம்மா, "முழுங்கு, முழுங்கு, மூச்சு உடாத" என்கிறாள். முதலில் கபடி டீமில் சேர்த்துவிட்டார்களோ என்று நினைத்தேன். ஆனால் அந்த வாரம் வயிற்றுவலி என்று பள்ளிக்கூடமே போகவில்லை. வயிற்றுவலிக்காரி பனைவெல்லம் போட்ட உளுந்தங்களியை வழித்து வழித்துத் தின்பாளா? அதையும் அவளே கிண்டினாள். அம்மா அங்கிருந்து கையை வட்டமாகச் சுற்றிக் காட்ட, இவள் இங்கே கரண்டியைச் சுற்றுகிறாள். எனக்கும் ஒரு உருண்டை கிடைத்தது. நன்றாகத்தான் இருந்தது. அது வேறு விஷயம்.

தனித் தட்டு வைத்துக்கொண்டாள். தானே கழுவித் தனியாகக் கவிழ்த்து வைக்கிறாள். தனிப் பாய், தனிப் போர்வை. என் பக்கத்தில் உட்கார்ந்து கதை அடிக்கிற பிள்ளை இப்போது உள்ளறைக் கதவோரம் உட்கார்ந்து பேசுகிறது. கிருத்திகைக்கு மயிலம் போகலாம் வா என்றேன். மலையேறி முருகனைப் பார்ப்பதைவிடக் கீழே கடையில் வளையல் பார்ப்பதற்காகவே எனக்கு முன்னால் பஸ் ஏறுகிறவள், "நான் வரலப்பா, படிக்கணும்" என்றாள். சாமி இல்லை என்கிற கட்சியில் சேர்ந்துவிட்டாளோ என்று ஒரு சந்தேகம். படிக்கணும் என்று சொன்னாளே, அது அதைவிடப் பெரிய சந்தேகம்.

போன வாரம் இஞ்ச் டேப் வந்தது. அதற்காக ஒரு ஆள் திண்டிவனத்திலிருந்து வண்டி போட்டுக்கொண்டு பார்சல் கொண்டுவந்தான். பிரியா தோளை அளக்கிறாள், கையை அளக்கிறாள், இடுப்பிலிருந்து கால் வரைக்கும் அளக்கிறாள். அங்கே உங்கள் தங்கை ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லி எழுதிக்கொள்கிறாள். நான் உள்ளே வந்ததும் டேப் பாவாடைக்கடியில் போய்விட்டது. அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. தனித் தட்டு, தனிப் பாய், தானே சமையல், துணிக்கு அளவு. இதெல்லாம் எந்த இடத்துக்கு வேண்டும்? ஹாஸ்டலுக்கு. பிள்ளையை ஹாஸ்டலில் சேர்க்கப்போகிறார்கள், அதற்கு இங்கே ஒத்திகை நடக்கிறது.

ஊகத்தில் ஒருவர்மேல் பழி போடக் கூடாது இல்லையா. அதனால் சாட்சிக்காக அன்று சாயங்காலம் மொட்டை மாடிக்குப் போனேன். அங்கே மல்லாட்டைக் கடலை காயப்போட்டிருந்ததால் கேட்டால் சொல்ல ஒரு காரணமும் இருந்தது. உள்ளறை ஜன்னலுக்கு மேலே படுத்து, தலையை மட்டும் கீழே தொங்கவிட்டுக் கேட்டேன். அம்மாவும் மகளும் குசுகுசு. பாதி காற்றில் போய்விட்டது. மீதி இதுதான்: "லீவு கேட்டிருக்கேன் கண்ணு. மாமா வந்தாத்தான் எல்லாமே. அதுவரைக்கும் அப்பாவுக்கு மூச்சு உட்டுடாத. தெரிஞ்சா அந்த ஆளு ஊரக் கூட்டிடுவாரு."

மாமா வந்தால்தான் எல்லாமே! அவளுக்கு மாமா என்றால் நீங்கள் ஒருவர்தானே மச்சான்? அந்த அதிர்ச்சியில் கையடியில் கிடந்த மல்லாட்டை உருண்டது, நானும் கூடவே உருண்டேன். நல்ல வேளை, கீழே முனியம்மாளின் வைக்கோல் போர். அவள் மாட்டுக்கு வைக்கோல் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னாண்ணே, மேலருந்து வர்ற?"

"மல்லாட்டை பொறுக்கினேன்மா."

"மல்லாட்டை மாடிலதான காயுது. நீ இன்னாத்துக்குக் கீழ வந்த?"

முனியம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்து, "ஒனுக்கு ஏதோ காத்து பட்டிருக்குதுண்ணே. ஜல்தியா திருவக்கரை போயி அந்த வக்கிரகாளிகிட்ட ஒரு எலுமிச்சம்பழம் வாங்கியாந்து தலமாட்டுல வச்சிக்க" என்றாள். அந்த ஞாயிற்றுக்கிழமையே போனேன். கூட்டத்தில் நின்று கும்பிட்டுவிட்டு வந்தேன். எலுமிச்சம்பழம் வந்தது, சந்தேகம் போகவில்லை. பழத்தையும் பிரியா ஜூஸ் போட்டுக் குடித்துவிட்டாள்.

ஆக, நேராகவே கேட்கிறேன் மச்சான். விழுப்புரத்தில் உங்கள் வீட்டுப் பக்கத்தில் ஏதோ ஒரு பெரிய பள்ளிக்கூடம் ஹாஸ்டலோடு கட்டியிருப்பதாகப் போன பொங்கலுக்கு நீங்கள்தானே பேச்சை எடுத்தீர்கள்? இளவரசி லீவில் வருவாள், நீங்கள் வண்டியோடு வருவீர்கள், நான் வயலில் இருக்கும்போது பெட்டியை ஏற்றிவிடுவீர்கள். இது கூட்டுச் சதி இல்லாமல் வேறென்ன? கையில் பணமில்லாதவன், ஊரோடு கிடப்பவன், பெண்டாட்டியை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பவன் என்று என்னைப் பற்றி நாலு பேர் பேசுவது எனக்குத் தெரியும். பேசட்டும். ஆனால் அந்தப் பிள்ளைக்கு இத்தனை வருஷமாகத் தலை பின்னினது இந்தக் கைதான். முதலில் பின்னினபோது வைக்கோல் பிரி மாதிரி இருந்தது. அம்மா போனில் சொல்லச் சொல்ல இப்போது இரட்டைச் சடை போட்டுப் பூவும் வைக்கிறேன். அவளும் போய்விட்டால் இந்த வீட்டில் நானும் சுவரைப் பார்க்கிற கேமராவும்தான் மிச்சம். பெண்டாட்டியைப் போனில் பார்த்துக்கொண்டு குடும்பம் நடத்துகிறேன், அது என் தலையெழுத்து. பிள்ளையையும் போனில் பார்க்க என்னால் முடியாது. வண்டி வந்தால் டயருக்கு முன்னால் படுப்பேன். இது மிரட்டல் இல்லை, தகவல்.

தப்பாக எழுதியிருந்தால் பெரியவர் நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அக்காவுக்கு என் வணக்கம். அவர்களிடம் இதைக் காட்ட வேண்டாம். உங்கள் மைக்செட் நாலு ஊரிலும் கணீரென்று பாடட்டும், பந்தல்காலெல்லாம் கல்யாணக் காலாக இருக்கட்டும் என்று பெருமுக்கல் மலைமேல் இருக்கிற சிவனைக் கும்பிட்டுக்கொண்டு முடிக்கிறேன்.

இப்படிக்கு,
சந்தேகத்துடன் உங்கள் மாப்பிள்ளை,
பாண்டுரங்கன்.

பின்குறிப்பு: மச்சான், மேலே எழுதியதை எல்லாம் படித்தீர்களா? படித்திருந்தால் மறந்துவிடுங்கள்.

கையெழுத்துப் போட்டு, கவரில் உங்கள் விலாசத்தைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதினேன். பின்கோடு எழுதும்போது மேலிருந்து, "அது திண்டிவனத்துது. விழுப்புரத்துக்கு வேற நம்பரு" என்று குரல் வந்தது. பேனா ஒரு பக்கம் போனது, நான் ஒரு பக்கம் போனேன். நிமிர்ந்து பார்த்தால் கேமரா மெதுவாகச் சுவரிலிருந்து கழுத்தைத் திருப்பி என்னைப் பார்க்கிறது. அதன் கண்தான் மச்சான் சுவர்ப் பக்கம் இருந்தது, காது என் பக்கமே இருந்திருக்கிறது. சமூகத்துக்கு என்பதிலிருந்து டயர் வரைக்கும் நான் சொன்னது ஒன்று விடாமல் குவைத்தில் ஒலிபரப்பாகியிருக்கிறது.

திட்டப்போகிறாள் என்று லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு நின்றேன். திட்டவில்லை. அப்புறம், "பைத்தியக்கார மனுசா, ஒம் பொண்ணு பெரிய மனுசி ஆயிட்டாய்யா" என்றாள்.

நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். முட்டை, நல்லெண்ணெய், உளுந்தங்களி, தனித் தட்டு, தனிப் பாய். உலகத்தில் உள்ள எல்லாச் சந்தேகமும் வந்த எனக்கு இது மட்டும் வரவில்லை பாருங்கள். நேற்றுத்தான் பல் விழுந்த பிள்ளை என்றே நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

"எங்கிட்ட ஏன்டி சொல்லல?" என்றேன்.

"சொன்னா இன்னா பண்ணியிருப்பீங்க? சந்தோசத்துல அண்ணனுக்குப் போன் அடிச்சிருப்பீங்க. அண்ணன் அன்னிக்கே பச்ச ஓல வெட்டிக்கினு, மைக்செட்ட ஏத்திக்கினு வந்து குடிச கட்டியிருக்கும். அண்ணி குரூப்புல போட்டிருக்கும். எல்லாரும் வந்து எம் பொண்ணுக்குத் தலைக்குத் தண்ணி ஊத்தியிருப்பாங்க. நான் எங்க இருந்து பாக்கறது? அரிசி டிரம்மு மேலயா?" என்றாள். கேமராவில் அவள் முகம் எனக்குத் தெரியாது, குரல் மட்டும்தான். "பல்லு உழுந்தத போன்ல பாத்தேன். சைக்கிள் உட்டத போன்ல பாத்தேன். மொத தண்ணியகூட அவளேதாங்க ஊத்திக்கினா, நான் கதவுக்கு வெளிய வெறும் கொரலா இருந்தேன். சடங்குத் தண்ணிய மட்டும் எங்கையால ஊத்துறேங்க. லீவு குடுக்கறதா சொல்லியிருக்காங்க. பெரிய பொண்ணா ஆனவளக் கேமரா பாத்துக்கினு இருக்கக் கூடாதுன்னு நாந்தான் அதத் திருப்பி வச்சேன்."

அளவு எடுத்தது பாவாடை தாவணிக்கு. வேலை முடிந்த பிறகு அங்கே அவளே உட்கார்ந்து தைக்கிறாளாம். வெங்காயம் கிடையவே கிடையாது. அதையும் ஒப்புக்கொண்டாள்.

கடிதத்தைக் கிழித்துவிடட்டுமா என்று கேட்டேன். "வேணாம், அனுப்புங்க. தாய்மாமனுக்குத்தான் மொதல்ல தெரியணும், அதுதான் மொற. போன்ல சொன்னா அண்ணி காதுல உழுந்துடும். தபால்ல போனா அண்ணன் மட்டும் படிக்கும். கூட்டுச் சதின்னு எழுதுனீங்களே, அத மட்டும் அடிச்சிடுங்க" என்றாள். அடிக்கப் போனேன், மை ஊறிப் பேப்பர் கிழிந்துவிடும் போல இருந்தது. நீங்களே அடித்ததாக வைத்துக்கொள்ளுங்கள். வைகாசியில் இளவரசி வருகிறாள். அதுவரைக்கும் உங்களுக்கு ஒன்றும் தெரியாது. வந்ததும் நான் இரண்டு ரிங் விட்டு வைத்துவிடுவேன். ஓலை வெட்டிக்கொண்டு, எவ்வளவு பெரிய மைக்செட் இருக்கிறதோ அவ்வளவையும் ஏற்றிக்கொண்டு வாருங்கள். வண்டிக்கு முன்னால் நான் படுக்க மாட்டேன்.

ஒரே ஒரு பேஜாரு. எனக்குத் தெரியும் என்பது பிரியாவுக்குத் தெரியக் கூடாதாம். அம்மா வரும் வரைக்கும் அப்பாவிடம் வாய் திறக்க மாட்டேன் என்று அவள் அம்மாவுக்குச் சத்தியம் செய்திருக்கிறாள். அந்தச் சத்தியத்தை நாம் கெடுக்கக் கூடாது என்று உங்கள் தங்கை உத்தரவு. ஆகவே நான் இன்னமும் சந்தேகப்படுகிறவன் மாதிரியே முறைத்துக்கொண்டு திரிய வேண்டும். நிஜமாகச் சந்தேகப்பட்டபோது இவ்வளவு கஷ்டமாக இல்லை மச்சான்.

இன்று புதன்கிழமை. தபாலில் போடுவதற்கு முன் இதையும் எழுதிவிடுகிறேன். காலையில் என்னை அறியாமல் ஒரு தப்பு செய்துவிட்டேன். பிள்ளை எழுந்திருப்பதற்குள் கோழிக்கூண்டில் இருந்து நல்ல முட்டையாக ஒன்று எடுத்துக் கழுவி, பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் நல்லெண்ணெயும் ஊற்றி அரிசி டிரம்மின் மேல் வைத்துவிட்டு, ஆட்டைப் பார்ப்பதுபோல் போய் நின்றேன். பிரியா வந்தாள். முட்டையைப் பார்த்தாள். எண்ணெயைப் பார்த்தாள். ஆட்டின் பின்னால் நின்ற என்னை ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் போனை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சொல்கிறாள்:

"எம்மா, கொஞ்ச நாளா நம்ம அப்பா மேல எனக்கு ஒரு சந்தேகமாவே இருக்குதும்மா."